'லா' போட்டுப் பேசுகிற ஊர்: பூட்டானில் எட்டு நாள்

ஊர் வந்து பத்து நாளாகிறது. மாடிப்படியைப் பார்த்தாலே என் முட்டி இன்னும் முனகுகிறது. கூட வந்த அம்மாவுக்கு வயது 67. அவர் வந்த மறுநாளே கோபி சந்தைக்குக் கிளம்பிவிட்டார். ராத்திரிகளில் போர்வைக்குள் கிறுக்கி வைத்த நோட்டை இப்போதுதான் பிரித்தேன். நாள்வாரியாகப் போடுகிறேன்.

நவம்பர் 8, 2024, வெள்ளி. ஜெய்காவ்

பூட்டானுக்குப் போக இந்தியர்களுக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். ஆதார் செல்லாது. இந்த மூன்று வாக்கியம் தெரியாமல் ஒரு ஏற்பாட்டாளர் எப்படிப் பதினாறு பேரைக் கோவையிலிருந்து கூட்டிவர முடியும் என்று கேட்காதீர்கள். கூட்டிவந்துவிட்டார். எங்களுக்கு அனுப்பிய தாளில் "அரசு அடையாள அட்டை ஏதேனும் ஒன்று" என்றுதான் இருந்தது.

பாக்டோக்ராவில் இறங்கி, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அரை நாள் வேனில் குலுங்கி, எல்லைக்கு வந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. திருப்பூர் தம்பதி ஒருவரிடம் ஆதார் மட்டும்தான் இருந்தது. குழுவாகப் பதிந்திருந்ததால் அவர்கள் பெயரை எடுத்துவிட்டு மறுபடி எழுதிக் கொடுக்க வேண்டுமாம். சாயங்காலமாகிவிட்டது. நாளைக்கு வாருங்கள் என்றார்கள். ஒரு நாள் போயிற்று. அந்த ஒரு நாளின் விலை என்னவென்று பின்னால் சொல்கிறேன்.

ஜெய்காவ் இந்தியாவின் கடைசித் தெரு. ஹாரன், புழுதி, பைக், பானிபூரி. ஒரு வாசலைத் தாண்டினால் ஃபுன்ட்ஷோலிங். அங்கே ஜீப்ரா கோட்டில் கால் வைத்தால் வண்டி நிற்கிறது. நடுவில் இருப்பது ஒரு சுவர்தான். சாயங்காலம் சும்மா பார்த்துவிட்டு வரலாமென்று அம்மாவை அந்த ஓரம் கூட்டிப் போனேன். "அந்தப் பக்கம் யாருக்கோ தூக்கம் போல" என்றார்.

நவம்பர் 9, சனி. திம்புவுக்கு

திருப்பூர்க்காரர்கள் காலையிலேயே திரும்பிவிட்டார்கள். அந்த அம்மா புதிதாக வாங்கிய ஸ்வெட்டரை எங்கள் குழுவில் ஒருத்தரிடம் கொடுத்து, "நீங்களாச்சும் போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினார். ஏற்பாட்டாளர் அப்போது போன் பேசிக்கொண்டிருந்தார்.

பெர்மிட் கைக்கு வர மதியமானது. வாசலுக்கு அந்தப் பக்கம் எங்கள் வழிகாட்டி நின்றிருந்தார். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். முட்டி வரைக்கும் சாம்பல் கட்டம் போட்ட 'கோ' உடை, அதற்குக் கீழே கறுப்பு சாக்ஸ், பளபளவென்று ஷூ. இடுப்புக் கச்சைக்கு மேலே அந்த உடை தொந்தி மாதிரி மடிந்து ஒரு பை ஆகிவிடுகிறது. அதற்குள்ளிருந்து எங்கள் பெர்மிட், தண்ணீர் பாட்டில், வாந்தி வந்தால் பிடிக்கக் கவர் என்று ஒவ்வொன்றாக வந்தன. அம்மா தன் சுருக்குப் பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அவர் பேசிய ஆங்கிலத்தில் ஒவ்வொரு வாக்கியமும் 'லா' என்று முடிந்தது. எஸ் லா, ஓகே லா, ப்ளீஸ் கம் லா. சிங்கப்பூர் 'லா' மாதிரி என்று பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். இல்லை, அது வேறு. சோங்கா மொழியில் மரியாதைக்காகக் கடைசியில் ஒட்டுவது. 'குசுசாங்போ' என்றால் வணக்கம், 'குசுசாங்போ லா' என்றால் வணக்கமுங்க. இதை நான் அம்மாவுக்கு விளக்கினேன். "இதுல விளக்க என்ன கண்ணு இருக்குது, நம்ம 'ங்க' தான்" என்றார். அன்றிலிருந்து அவர் தமிழிலும் கைடு ஆங்கிலத்திலும் பேசிக்கொண்டார்கள். "தம்பி, தண்ணி கொஞ்சம் கொடுங்க." "யெஸ், அம்மா லா." நடுவில் நான் தேவைப்படவில்லை.

நம் கடிகாரத்தைவிட அங்கே அரை மணி முன்னால். ஃபுன்ட்ஷோலிங் கிட்டத்தட்டச் சமவெளி. திம்பு 2,300 மீட்டருக்கு மேல். அதனால் வழி முழுக்க ஏற்றம், வளைவு, ஏற்றம். கெதுவுக்குப் பக்கத்தில் பனிமூட்டம் வந்து வேனின் மூக்கே தெரியவில்லை. டிரைவர் ஹாரன் அடிக்காமல் நின்று, எதிரே வந்த லாரியைப் போகவிட்டு, தலையசைத்து, மறுபடி எடுத்தார். அவரை ஓவர்டேக் செய்யச் சொல்லி ஊக்குவித்த நம்மூர் மாமா ஒருவருக்கும் அதே தலையசைப்புதான் கிடைத்தது.

சாப்பாடு வழிக்கடை ஒன்றில். எமா தட்ஷி. 'எமா' மிளகாய், 'தட்ஷி' பாலாடைக்கட்டி. நாம் மிளகாயைக் காரத்துக்குப் போடுவோம். அவர்களுக்கு அது கத்தரிக்காய் மாதிரி காய். நீளப் பச்சை மிளகாயைக் கீறி, கட்டி போட்டுக் கொதிக்கவிட்டு, சிவப்பரிசிச் சோற்றோடு வைக்கிறார்கள். முதல் வாய் பால்கோவா மாதிரி இறங்கியது. பத்து எண்ணுவதற்குள் காது அடைத்தது. "தென்னிந்தியச் சாப்பாடு உண்டுன்னு சொன்னீங்களே" என்று மூன்று பேர் ஏற்பாட்டாளரைச் சூழ்ந்துகொண்டார்கள். அம்மா இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார்.

நவம்பர் 10, ஞாயிறு. திம்பு

ஒரு நாட்டின் தலைநகரில் டிராஃபிக் சிக்னலே இல்லை. நாற்சந்தி நடுவில் வேலைப்பாடு செய்த கூண்டுக்குள் ஒரு போலீஸ்காரர் வெள்ளைக் கையுறையோடு நடனம் மாதிரிக் கையசைக்கிறார். ஒரு காலத்தில் விளக்கு வைத்தார்களாம், மக்களுக்குப் பிடிக்காமல் கழற்றிவிட்டார்களாம்.

மலைமேல் உட்கார்ந்திருக்கும் புத்தர் டோர்டென்மா 50 மீட்டருக்கு மேல் உயரம். உள்ளே ஒன்றேகால் லட்சம் சிறு புத்தர் சிலைகள். பெரியது, தங்கமுலாம் பூசியது, காற்று அறைகிறது. வேறு என்ன சொல்ல. ஞாயிற்றுக்கிழமைச் சந்தை அதைவிட நன்றாக இருந்தது. வத்தல் மிளகாய் மலை, மாட்டுத்தோலைப் பொரித்த வறுவல், கயிற்றில் கோத்த 'சுகோ'. இது யாக் பாலில் செய்து காயவைத்த கட்டி. நான் 150 ரூபாய்க்கு ஒரு சரம் வாங்கினேன். ஒரு துண்டை வாயில் போட்டு ஒரு மணி நேரம் கழித்தும் அது அதே உருவத்தில் இருந்தது. அவர்கள் நுல்ட்ரமும் நம் ரூபாயும் ஒரே மதிப்பு. நம் நோட்டை அப்படியே வாங்கிக்கொள்கிறார்கள். மீதியாகக் கிடைத்த நுல்ட்ரத்தை மட்டும் ஊர் திரும்புவதற்குள் செலவழித்துவிட வேண்டும்.

சாயங்காலம் நினைவுச் சோர்ட்டென். சோர்ட்டென் என்றால் பௌத்த ஸ்தூபி. மூன்றாம் மன்னர் ஜிக்மே டோர்ஜி வாங்சுக் நினைவாக 1974இல் அவர் தாயார் எழுப்பியது. இது பார்க்கிற இடம் இல்லை, வந்து உட்காருகிற இடம். ஊர்க் கிழவன் கிழவியர் காலையிலேயே டிபன் பாக்ஸோடு வந்துவிடுகிறார்கள். ஒரு கையில் ஜெபமாலை, மறு கையில் சுழலும் மணிச்சக்கரம். வலமாகச் சுற்றுகிறார்கள், கால் வலித்தால் திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார்கள், மறுபடி எழுந்து சுற்றுகிறார்கள். எங்களுக்குக் கொடுத்த நேரம் இருபது நிமிடம். அம்மா செருப்பை ஒரு ஓரமாகக் கழற்றிவிட்டார். அங்கே கழற்ற வேண்டியதில்லை, யாரும் கழற்றவில்லை. மூன்று பாட்டிகளோடு சேர்ந்து அவர் சுற்ற ஆரம்பித்ததும் நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

நாற்பது நிமிடம் கழித்துத் தேடினால் திண்ணையில் அவர்கள் நடுவே உட்கார்ந்திருக்கிறார். கன்னம் உப்பியிருக்கிறது. டோமா. வெற்றிலை, சுண்ணாம்பு, பாக்கு. பாக்கு மட்டும் தோலோடு ஊறி நொதித்தது. அதன் வாடை பத்தடிக்கு வரும். வேன் டிரைவர் மெல்லும்போது ஜன்னல் திறந்த அதே குழுவினர் இப்போது அம்மாவிடமிருந்து இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தார்கள். அவர் நெற்றியில் வியர்வை. வெளியே குளிர். "இது உடம்பைச் சூடாக்குது கண்ணு. நம்ம வெத்தலை இந்த ஊருக்குப் பத்தாது."

மனித மாமிசம் தின்றுகொண்டிருந்த கூட்டத்துக்கு அதற்குப் பதிலாக, இந்த மலைகளுக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்த குரு பத்மசம்பவர் கொடுத்ததுதான் டோமா என்று கைடு ஒரு கதை சொன்னார். கேட்டுவிட்டு அம்மா இன்னொன்று வாங்கிப் போட்டுக்கொண்டார்.

நவம்பர் 11, திங்கள். தோச்சுலா, புனாகா

அந்த ஒரு நாளின் விலை இதுதான். ஒவ்வொரு ஆண்டும் நவம்பர் 11 அன்று ஃபோப்ஜிகா பள்ளத்தாக்கில் கருங்கழுத்துக் கொக்குகளுக்காகத் திருவிழா. அங்கே கங்தே மடத்து முற்றத்தில் பள்ளிப் பிள்ளைகள் கொக்கு வேடம் கட்டி ஆடுவார்கள். இந்தப் பயணத்துக்கு நான் பணம் கட்டியதே அதற்காகத்தான். இன்று நாங்கள் இருக்க வேண்டிய இடம் அது. இருந்த இடம் 3,100 மீட்டர் உயரத்தில், மூட்டத்துக்கு நடுவே, ஒரு டீக்கடை. ஏற்பாட்டாளரிடம் கேட்டேன். "கொக்கு எங்கயும் போயிடாது மேடம்" என்றார்.

தோச்சுலாவில் 108 சிறு சோர்ட்டென்கள். இமயத்தின் முழு வரிசை தெரியும் இடம் என்றார்கள். எனக்கு ஏழாவது சோர்ட்டெனுக்கு மேல் தெரியவில்லை. 2003 டிசம்பரில் தெற்குக் காடுகளில் முகாமிட்டிருந்த அசாம் தீவிரவாதக் குழுக்களைப் பூட்டான் ராணுவம் விரட்டியபோது இறந்தவர்களுக்காக ராணிமாதா கட்டுவித்தது. சண்டையைப் பற்றி கைடு இரண்டு வரிக்கு மேல் சொல்லவில்லை. எதிர் மலைச்சரிவில் நெட்டுக்கு நட்டிருந்த வெள்ளைக் கொடிகளை மட்டும் காட்டினார். அவை இறந்தவர்களுக்காக, குடும்பத்தார் நடுவது. காற்று நன்றாக வரும் இடமாகப் பார்த்து 108 நடுவார்கள். தன் அப்பாவுக்கும் நட்டாராம். பிறகு எப்போது எடுப்பீர்கள் என்று நான் கேட்டேன். எடுப்பதில்லை லா, காற்றே எடுத்துக்கொள்ளும் என்றார். அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். இந்த ஒன்றுக்குத்தான் நான் தேவைப்பட்டேன்.

மலையிறங்கினால் புனாகா. வெறும் 1,200 மீட்டர்தான், ஸ்வெட்டரை எல்லாரும் கழற்றினோம். ஆண் ஆறு ஃபோ சூ, பெண் ஆறு மோ சூ. இரண்டும் சேரும் மூக்கில் வெள்ளைச் சுவரோடு புனாகா சோங். 'சோங்' என்றால் கோட்டையும் மடமும் அரசு அலுவலகமும் ஒன்றாக இருக்கும் கட்டடம். பூட்டானை ஒரே நாடாக்கிய ஷப்துருங் ஙவாங் நம்கியால் 1637இல் தொடங்கியது. முதல் மன்னருக்கு 1907இல் முடிசூட்டியது இங்கேதான். மலையில் பனி ஏரி உடைந்து 1994இல் வந்த வெள்ளம் இதன் ஒரு பகுதியைச் சேதப்படுத்தியிருக்கிறது. குளிர்காலத்தில் தலைமைத் துறவி ஜே கென்போ திம்புவிலிருந்து மடத்துத் துறவிகளோடு இங்கே இறங்கிவந்துவிடுகிறார்.

உள்ளே போகும் முன் கைடு தன் பையிலிருந்து நீளமான வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்து, இடது தோளில் மடித்துப் போட்டு, ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். 'கப்னே'. பொதுமக்களுக்கு வெள்ளை. பதவிக்கேற்ப நிறம் மாறும். மன்னருக்கு மஞ்சள். அதுவரை தமாஷ் பண்ணிக்கொண்டிருந்த பையன் துண்டு தோளில் விழுந்ததும் வேறு ஆளாகிவிட்டார். கோயிலுக்குள் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டும் என் தாத்தா ஞாபகம் வந்தது.

அம்மா சோங்கைப் பார்க்கவில்லை. பாலத்தில் நின்று இரண்டு தண்ணீரும் சேரும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று கொஞ்சம் கலங்கல், ஒன்று தெளிவு. "கூடுதுறை" என்றார். அப்பாவின் சாம்பலைப் பவானி கூடுதுறையில் கரைத்து இரண்டு வருடம். திரும்பும்போது கைடு அவரைக் கையைப் பிடித்துக் கரைக்குக் கூட்டிப்போனார். அம்மா தண்ணீரை மூன்று கை தலையில் தெளித்துக்கொண்டார். ஏற்பாட்டாளர் மேலிருந்து நேரமாச்சு என்று கத்தினார். கைடு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

நவம்பர் 12, செவ்வாய். சிமி லாகாங், ஃபோப்ஜிகா

காலையில் சிமி லாகாங். பிள்ளை வரம் கேட்கும் கோயில். வழியில் உள்ள ஊரில் வீட்டுச் சுவரெல்லாம் ஆண்குறி வரைந்திருக்கிறார்கள். கண்ணும் ரிப்பனும் வைத்து, ஆளுயரத்துக்கு. கடைகளில் மரத்தில் செய்து விற்கிறார்கள், சாவிக்கொத்து 200 ரூபாய். குடியும் கூத்துமாகத் திரிந்து ஞானம் சொன்ன துருக்பா குன்லே என்ற துறவியின் வழி அது. எங்கள் குழு திடீரென்று வயல்களையும் வானத்தையும் ரசிக்க ஆரம்பித்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் குறியீடு, தத்துவம் என்று பேசிக்கொண்டே நடந்தார். அம்மா ஒரு சுவரை நிதானமாகப் பார்த்தார். "கண்ணு படாம இருக்க வெச்சிருக்காங்க. நாம பூசணிக்காய் கட்டறோம்." கைடும் அதையேதான் சொன்னார், தீயதை விரட்டுமாம். அதற்குப் பிறகு தலைமையாசிரியர் அமைதியாகிவிட்டார்.

மதியத்துக்கு மேல் ஃபோப்ஜிகா. மரமில்லாத அகலமான புல்வெளி, சுற்றிலும் மலை. கொக்குகள் மோதிச் சாகக் கூடாது என்று மின்கம்பிகளை மண்ணுக்கு அடியில் கொண்டுபோயிருக்கிறார்கள். கங்தே மடத்து முற்றத்தில் துறவிப் பையன்கள் நேற்றைய காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் அட்டையில் செய்த ஒரு கொக்கு மூக்கை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்து இரண்டு முறை குதித்தான். நான் கட்டிய பணத்துக்குக் கிடைத்த திருவிழா.

தங்கியது ஒரு பண்ணைவீட்டில். ராத்திரி தண்ணீர் உறைந்துவிடும், குழாயைத் திறந்து விடாதீர்கள் என்றார்கள். நடுக்கூடத்தில் 'புகாரி' என்கிற விறகு அடுப்பு, அதைச் சுற்றித்தான் எல்லா உயிரும். இந்த ஊர் உருளைக்கிழங்குக்குப் பேர் போனது. கேவா தட்ஷி, உருளையும் கட்டியும். வீட்டுக்கார அம்மாவின் அடுப்படிக்கு அம்மா போனார். வரும்போது கையில் ஒரு தட்டு: கடுகில்லாமல், கறிவேப்பிலை இல்லாமல், மிளகாய் மட்டும் போட்ட உருளை வறுவல். சாம்பார் கேட்டுக்கொண்டிருந்த மூன்று பேரும் வாய் திறக்காமல் சாப்பிட்டார்கள். வெண்ணெயும் உப்பும் போட்ட டீயான சுஜா எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ரசம் என்று நினைத்துக் குடி என்றார் அம்மா. நினைக்க முடியவில்லை.

நவம்பர் 13, புதன். ஃபோப்ஜிகாவிலிருந்து பாரோ

ஐந்தரைக்குக் கைடு கதவைத் தட்டினார். புல் மேல் உறைபனி, மிதித்தால் நறநறவென்றது. முதலில் சத்தம்தான் வந்தது. தொண்டைக்குள்ளிருந்து எக்காளம் ஊதுகிற மாதிரி. பிறகு மூட்டம் கொஞ்சம் விலகி, முப்பது நாற்பது பறவைகள், சாம்பல் உடம்பு, கறுப்புக் கழுத்து, உச்சியில் ஒரு சிவப்புத் துளி. திபெத்திலிருந்து குளிருக்கு வருபவை. வரும்போதும் போகும்போதும் மடத்தை மூன்று சுற்று சுற்றும் என்பது இந்த ஊர் நம்பிக்கை. எங்கள் குழுவில் எழுந்து வந்தவர்கள் நாலு பேர். திருவிழாவின் கூட்டம் இருந்திருந்தால் இந்தச் சத்தம் கேட்டிருக்காது என்று எழுதலாம்தான். இல்லை, எனக்கு அந்தப் பிள்ளைகள் ஆடுவதையும் பார்க்க வேண்டும். கோபம் இன்னும் இருக்கிறது.

அன்று முழுக்க வேன். தோச்சுலா மறுபடி வந்தது, இம்முறை துடைத்து வைத்த மாதிரி வானம். வடக்கே முழு வரிசையும் வெள்ளையாக நின்றது. கங்கர் புயென்சும் எது என்று கைடு காட்டினார், 7,570 மீட்டர். உலகில் மனிதர் ஏறாத மிக உயர்ந்த சிகரம் அதுதான். ஏறவும் விடுவதில்லை. "ஏன் லா? சாமி இருக்கிறது லா." வெள்ளைக் கொடிகள் இருந்த சரிவை அம்மா தேடிப் பார்த்தார். ஒன்றிரண்டு கிழிந்து நூலாகத் தொங்கின.

நவம்பர் 14, வியாழன். டாக்ட்சங்

புலிக்கூடு. பாரோ பள்ளத்தாக்கிலிருந்து 900 மீட்டர் உயரத்தில் பாறையில் ஒட்டவைத்த மடம். பத்மசம்பவர் எட்டாம் நூற்றாண்டில் பெண்புலி மேல் பறந்து வந்து இந்தக் குகையில் தியானம் செய்தார் என்பது கதை. கட்டடம் 1692. 1998 ஏப்ரலில் தீப்பிடித்து எரிந்து, அப்படியே பழைய மாதிரி மறுபடி கட்டியது 2005இல் முடிந்திருக்கிறது. அந்தப் பாறைக்குச் சிமெண்டும் மரமும் எப்படிப் போயின என்று ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் யோசித்தேன். வேறு எதையாவது யோசிக்கத்தான் வேண்டியிருந்தது.

ஊன்றுகோல் வாடகை 50 ரூபாய், இந்த எட்டு நாளில் உருப்படியான செலவு. பாதி வழி வரைக்கும் குதிரை கிடைக்கும். அம்மா குதிரையைப் பார்த்தார், குதிரை அம்மாவைப் பார்த்தது. "அதுக்கு மூச்சு வாங்குது, நான் நடக்கறேன்." இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்து, பத்தடிக்கு ஒரு முறை நின்று, கைடின் தோளைப் பிடித்துக்கொண்டு நடுவழிச் சிற்றுண்டிச்சாலை வரை வந்துவிட்டார். எதிரே மடம் முழுதாகத் தெரிந்தது. "தெரியுதில்ல, போதும். நீ போய்ட்டு வா" என்று உட்கார்ந்துகொண்டார். அங்கே டீ 130 ரூபாய் என்றதற்குத்தான் முகம் மாறியது.

மேலே போகிற பாதையில் பாறை இடுக்குகளில் உள்ளங்கைக்குள் அடங்கும் களிமண் கோபுரங்கள் வரிசையாக இருந்தன. 'சா-சா'. இறந்தவரின் சாம்பலைக் களிமண்ணில் பிசைந்து செய்வது. மழை படாத இடமாகத் தேடி வைக்கிறார்கள். மடத்துக்கு நேராக வந்துவிட்டோம் என்று நினைக்கும்போது பாதை சரசரவென்று படிகளில் கீழே இறங்கி, ஒரு அருவியைத் தாண்டி, மறுபடி மேலே ஏறுகிறது. மொத்தம் எழுநூறு படிக்கு மேல். தலைமையாசிரியர் அருவியில் உட்கார்ந்து, "நான் இங்கிருந்தே சேவிச்சுக்கறேன்" என்றார்.

போன், பை எல்லாம் வாசலில் பெட்டியில் பூட்டிவிட வேண்டும். அதனால் உள்ளே படம் எதுவும் இல்லை. வெண்ணெய் விளக்கு வாடை, கால் சில்லிட்ட மரத்தரை, தலை குனிந்தால் மட்டும் நுழையும் கதவு. மூலையில் ஒரு துறவி சளி பிடித்த மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஓதிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் உட்கார்ந்தேன். பசித்தது.

இறங்கி வந்தால் அம்மா அதே நாற்காலியில், பக்கத்து மேஜை டிரைவர்களோடு. யாரோ ஒருவர் கையைப் பார்த்து நாடி மாதிரி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எந்த மொழியில் என்று கேட்கவில்லை.

நவம்பர் 15, வெள்ளி. ஃபுன்ட்ஷோலிங்

இறக்கம் முழுக்கத் தூக்கம். இரவுக்கு ஆளுக்கு 1,200 வீதம் ஆறு இரவுக்கு அந்த நாட்டுக்கு நாங்கள் கட்டிய வளர்ச்சிக் கட்டணம் 7,200. ரோட்டையும் காட்டையும் பார்த்த பிறகு அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஏற்பாட்டாளருக்குக் கட்டியதில் இருக்கிறது. ஒரு நாள் குறைந்ததற்கு என்ன கணக்கு என்று கேட்டேன், கோவை போய்ப் பேசலாம் என்றார். இன்றுவரை போன் எடுக்கவில்லை.

வாசலில் எல்லாரும் கவரில் பணம் வைத்துக் கைடிடம் கொடுத்தார்கள். இரண்டு கையாலும் வாங்கி, குனிந்து, கோவின் பைக்குள் போட்டார். அம்மா தன் பித்தளைப் பாக்குவெட்டியைக் கொடுத்தார். கோபியிலிருந்து கொண்டுவந்து எட்டு நாளும் உபயோகப்படாத பாக்குவெட்டி. அவர் அதைத் திறந்து மூடிப் பார்த்தார். பிறகு தன் பைக்குள் கை விட்டு, இலையில் சுற்றிய டோமா நாலைந்தை எடுத்து அம்மாவின் சுருக்குப் பையில் அவரே போட்டுவிட்டு, "வாங்க லா" என்றார். போங்க என்பதற்குப் பதில் அந்தச் சொல்தான் அவருக்குத் தெரியும். அம்மாவும் திருத்தவில்லை. "வரேனுங்க தம்பி."

ஜெய்காவில் ஹாரன் காதைப் பிளந்தது. கடிகாரத்தை அரை மணி பின்னால் திருப்பினேன். நாலைந்து டோமாவும் பாக்டோக்ரா போவதற்குள் தீர்ந்துவிட்டன. விமான நிலையத்துக்கு வெளியே ஒரு பெட்டிக்கடையில் வெற்றிலை வாங்கிக் கொடுத்தேன். அம்மா இரண்டு மென்று பார்த்துவிட்டு, ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்தார்.